கப்பலில் சேர்ந்து, கரையில் தனியே

உல்லாசக் கப்பல் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது ஓர் ஆளுக்கான கட்டணம். ஆனால், ஓர் ஆள் மட்டும் போய் நின்றால் அந்தக் கட்டணத்துக்கு அறை தர மாட்டார்கள். அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டு, அதைப் பாதியாக வகுத்துத்தான் அந்தத் தொகையை அச்சடிக்கிறார்கள். தனியாகப் போகிறவர் பெரும்பாலான கப்பல்களில் இரண்டு பேர் கட்டணத்தை, அல்லது அதை ஒட்டிய தொகையைக் கட்ட வேண்டும். கணவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது, எனக்கோ மத்தியதரைக் கடலைப் பார்த்தே ஆக வேண்டும். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழிக்குப் போன் போட்டதற்கு முதல் காரணம் நட்பு அல்ல, இந்த வகுத்தல் கணக்குதான். அவளிடம் அதை மறைக்கவும் இல்லை. "உன் பாதிக் கட்டணத்துக்கு நான்தான் கிடைச்சேனாடி?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் அவளுடைய பாஸ்போர்ட் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

சென்னையிலிருந்து இலங்கைக்கு 2023-ல் 'கோர்டேலியா' கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, "நாங்களும் கப்பல்ல போயிட்டு வந்தோம்" என்கிற குடும்பங்கள் நம்மிடையே அங்கங்கே கண்ணில் படுகின்றன. அவர்களுடைய அடுத்த ஆசை ஐரோப்பா. ஒரே அறை, ஒரே பெட்டி, விடிந்தால் வேறு ஊர். ரயில் மாற வேண்டாம், ஓட்டல் ஓட்டலாகப் பெட்டியைத் திறந்து மூட வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கப்பல் நமக்குக் கொடுப்பது கப்பலைத்தான். ஐரோப்பா கரையில் இருக்கிறது. அதற்குக் கிடைப்பது, காலையில் இறங்குவதற்கும் மாலையில் ஏறுவதற்கும் இடைப்பட்ட எட்டு, ஒன்பது மணி நேரம். அந்த நேரத்தை எப்படிச் செலவழிக்கிறோம், யாரோடு செலவழிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கட்டிய பணம் செரிக்கும்.

எங்கள் பாதை மேற்கு மத்தியதரைக் கடலின் வழக்கமான வட்டம்: பார்சிலோனாவில் ஏறி, மார்செய், ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ், மால்டாவின் வலெட்டா என்று சுற்றிவிட்டு மறுபடி பார்சிலோனாவில் இறங்குவது. நான்கு நாடுகளும் ஷெங்கன் எல்லைக்குள் இருப்பதால் ஒரே விசா போதும். பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். பாதையில் துருக்கியோ மாண்டிநீக்ரோவோ பிரிட்டனோ குறுக்கிட்டால், ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்பி வருவதாகக் கணக்கு. அப்போது பல முறை நுழையும் விசாதான் வேண்டும். கப்பலில்தானே இருக்கிறோம், யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு முறை நுழைவு விசாவோடு போனால் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

பெயர் ஒன்று, துறைமுகம் வேறொன்று

முன்பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. பயணத் திட்டத்தில் 'ரோம்' என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில்; அங்கிருந்து ரோம் நகரம் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர். 'ஃப்ளாரன்ஸ்' என்றால் லிவோர்னோ. 'பாரிஸ்' என்றால் லே ஹாவ்ர். ஈஃபில் கோபுரத்தைப் பார்க்க 200 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டும். 'பெர்லின்' என்று போட்டிருந்தால் பால்டிக் கடலோர வார்னெமுண்டே; அது இன்னும் தொலைவு.

இப்போது இந்தப் பட்டியலில் வெனிஸும் சேர்ந்துகொண்டது. 2019 ஜூனில் 'எம்எஸ்சி ஓப்பரா' என்ற கப்பல் ஜியுதெக்கா கால்வாயில் கட்டுப்பாடு இழந்து ஒரு சுற்றுலாப் படகையும் படகுத்துறையையும் இடித்தது. ஏற்கெனவே இந்த ராட்சதக் கப்பல்களை எதிர்த்துக்கொண்டிருந்த வெனிஸ்வாசிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. 2021 ஆகஸ்ட் முதல், 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்கோ சதுக்கத்தின் முன்னால் போக இத்தாலி தடை விதித்தது. அதன்பின் 'வெனிஸ்' என்று விற்கப்படும் பல பயணங்கள் ரவென்னாவிலோ ட்ரியஸ்டேயிலோ முடிகின்றன. கப்பல் மேல்தளத்தில் நின்றபடி சான் மார்கோ மணிக்கூண்டைப் பார்க்கும் அந்தப் பழைய விளம்பரப் படம் இனி நமக்கு இல்லை.

ஊர்க்காரர்களின் கோபம் வெனிஸோடு நிற்கவில்லை. டுப்ரோவ்னிக் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. சான்டோரினியில் நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள்தான் இறங்கலாம். 2025 ஜூலை முதல் உச்சப் பருவத்தில் தலைக்கு 20 யூரோ தீர்வையும் உண்டு. பார்சிலோனா தன் ஏழு கப்பல் முனையங்களை 2030-க்குள் ஐந்தாகக் குறைக்க 2025-ல் முடிவெடுத்தது. ஒரு காலையில் பத்தாயிரம் பேர் வந்திறங்கி, கடைகளை மறித்து நின்று படமெடுத்து, மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிப் போய்விட்டால் அந்த ஊருக்கு என்ன லாபம்? அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் கரையில் சாப்பிடுவது என்று முடிவெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், பஃபேயில் அலுத்துப்போன பாஸ்தா.

பார்சிலோனாவுக்குக் கப்பல் கிளம்பும் நாளிலேயே போய் இறங்காதீர்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. எங்காவது இணைப்பு விமானம் தவறினால் கப்பல் காத்திருக்காது. 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லைகளில் கைரேகை, முகப்படம் எடுக்கும் புதிய முறையும் வந்திருப்பதால் விமான நிலைய வரிசை நீளம். ஒரு நாள் முன்னதாகப் போனால் சக்ராடா ஃபமிலியாவையும் பார்த்துவிடலாம். 1882-ல் தொடங்கிய தேவாலயம். அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் கௌடி, 1926-ல் டிராம் மோதி இறக்கும்வரை அதைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் போய் ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2025 அக்டோபரில், ஜெர்மனியின் உல்ம் தேவாலயத்தை மிஞ்சி அது உலகிலேயே உயரமான தேவாலயம் ஆனது. டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்காமல் வாசலில் போய் நிற்பது வீண்.

ஜன்னல் இல்லாத அறை

ஏறியதும் முதல் வேலை நீச்சல் குளமும் அல்ல, பஃபேயும் அல்ல. ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால், நம் அட்டையில் அச்சிட்டிருக்கும் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். பலர் இதைச் சடங்காக நினைத்துச் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். 2012 ஜனவரி 13 இரவு, 'கோஸ்டா கான்கார்டியா' சிவிட்டாவெக்கியாவிலிருந்து கிளம்பிய சில மணி நேரத்தில் ஜிக்லியோ தீவின் பாறையில் மோதிச் சாய்ந்தது. 4,200 பேருக்கு மேல் இருந்த கப்பலில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்கு இந்தப் பயிற்சி அதுவரை நடத்தப்படவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதி மாறியது அதற்குப் பிறகுதான். தோழி எங்கள் கூடுமிடத்துக்கு அறையிலிருந்து படிக்கட்டு வழியாகவே நடந்து பார்த்துவிட்டு வந்தாள். நானும் போனேன்.

நாங்கள் எடுத்தது உள்ளறை. கட்டணம் குறைவு; ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியாத இருட்டு. விடிந்ததும் தெரியாது. டி.வி.யில் கப்பலின் முன்பக்கக் கேமராவைக் காட்டும் ஓர் அலைவரிசை இருக்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டு இரவு முழுக்க அதை ஓடவிட்டால், பொழுது புலரும்போது திரையும் மெல்ல வெளுத்து அறைக்குள் வெளிச்சம் வரும். பால்கனி அறைக்காரர்கள் கூடுதலாகக் கட்டிய பணத்தில் பாதிப் பயன் எங்களுக்கு இலவசமாகவே கிடைத்தது.

இரண்டு நண்பர்கள் ஓர் அறையில் தங்கும்போது, முன்பதிவிலேயே இரண்டு தனிக் கட்டில் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். சொல்லாவிட்டால் இரண்டையும் சேர்த்துப் போட்டு, துண்டில் அன்னப்பறவை செய்து வைத்திருப்பார்கள். செலவுக் கணக்கையும் ஆளுக்குத் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லலாம். கப்பலுக்குள் காசு புழங்காது. எல்லாம் அறை அட்டையில்தான். கடைசி நாளில் ஒரே ரசீதில் யார் எத்தனை காப்பி குடித்தார்கள் என்று பிரித்துக்கொண்டிருப்பது நட்புக்கு நல்லதல்ல. பல கப்பல்களில் பானத் தொகுப்பை ஓர் அறையில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும். இருவரும் மது அருந்தாதவர்கள் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தனியாகச் சேரும். விளம்பர விலையில் அது பெரும்பாலும் இருக்காது.

சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. பெரிய கப்பல்களின் பஃபேயில் ஒரு மூலையில் பருப்பும் சோறும் கிடைக்கும். இரவுச் சாப்பாட்டுக் கூடத்தில் தலைமைப் பரிமாறுபவரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் மறுநாள் தனியாகச் செய்துதருவார்கள். பஃபேயில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு தம்பி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அக்கா, தமிழா?" என்றான். தூத்துக்குடிக்காரன். "எங்க மெஸ்ஸுல இன்னிக்கு சாம்பாருக்கா. ஆனா அங்கருந்து எடுத்துட்டு வந்து தர முடியாது" என்று நிஜமாகவே வருத்தப்பட்டான். எட்டு மாத ஒப்பந்தம். வார விடுமுறை என்ற பேச்சே இல்லை. கப்பல் தொழிலாளிக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. அந்தப் பத்து மணி நேரமும் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை, துண்டாகத்தான் வரும் என்றான். வாராவாரம் நேப்பிள்ஸில் நிற்கிறானாம். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "துறைமுக வாசல்ல வைஃபை நல்லா கிடைக்கும்க்கா. வீட்டுக்கு வீடியோ கால் பேசிட்டு வந்துடுவேன்."

கப்பல் காத்திருக்குமா?

கரைச் சுற்றுலாவைக் கப்பலிலேயே வாங்குவதா, நாமே போவதா என்பதுதான் தினமும் இரவு எழும் கேள்வி. கப்பல்காரர்கள் விற்கும் 'ஷோர் எக்ஸ்கர்ஷன்' விலை அதிகம். சட்டையில் எண் ஒட்டி, காதில் கருவி மாட்டி, எண் பலகையைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டியின் பின்னால் நாற்பது பேராக நடக்க வேண்டும். அந்த விலைக்குள் ஒரு காப்பீடும் அடங்கியிருக்கிறது: பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது. நம் செலவில் அடுத்த துறைமுகத்துக்கு ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். மேல்தளத்தில் கைப்பிடிச் சுவரோரம் நின்று, கடைசி நிமிடத்தில் துறைமுகத்தில் ஓடிவருபவர்களைப் பார்த்துக் கைதட்டுவது கப்பல் பயணிகளின் பொழுதுபோக்குகளில் ஒன்று. ஓடுகிறவர்களுக்கு அது பொழுதுபோக்கு அல்ல.

புறப்படும் நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். கப்பலில் தரும் தினசரித் தாளில் அந்த நேரமும் உள்ளூர்த் துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் இருக்கும். இரண்டையும் போனில் படமெடுத்துக்கொண்டுதான் இறங்கினோம். கிரேக்கம், துருக்கிப் பக்கம் போகிறவர்கள் கப்பல் நேரமும் கரை நேரமும் ஒன்றுதானா என்று தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மார்செயில் கப்பல் முனையம் பழைய துறைமுகத்திலிருந்து வெகு தொலைவு. ஷட்டில் பஸ், மலை மேல் நோத்ர தாம் தெ லா கார்த் தேவாலயம், சோப்புக் கடை, திரும்பி வருதல். அந்த ஊரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை.

ஜெனோவா அப்படி அல்ல. கப்பலை விட்டு இறங்கி நடந்தால் பழைய நகரத்துக்குள் இருப்போம். இரண்டு ஆள் அகலச் சந்துகள், அவற்றின் முடிவில் சம்பந்தமே இல்லாமல் அரண்மனை அரண்மனையாக ஒரு தெரு. சான் லொரென்சோ தேவாலயத்துக்குள் ஒரு பீரங்கிக் குண்டு நிற்கிறது. 1941 பிப்ரவரியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சுட்டதில் கூரையைத் துளைத்து உள்ளே விழுந்து, வெடிக்காமல் போன குண்டு. தோழி அதன் முன்னால் நகராமல் நின்றாள். பிறகு அடுத்த தேவாலயம். பிறகு அதற்கடுத்தது. எனக்குப் பசி. ஜெனோவாவில் 'ஃபரினாத்தா' என்று ஒரு பண்டம்: கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு நான்கையும் கரைத்து, அகலமான செப்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளிவிடுகிறார்கள். ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று, நம் வீட்டு அடை ஆலிவ் எண்ணெயில் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. சுத்த சைவம், நாலு காசில் வயிறு நிறையும். "சாப்பிடவா இவ்ளோ தூரம் வந்தே?" என்றாள். "கும்பிடவா நீ வந்தே?" என்றேன். அதன்பின் கப்பல் ஏறும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இரவுச் சாப்பாட்டு மேசையில் அவளே ஆரம்பித்தாள். "இங்க பாருடி, அறை உன்னோடது பாதி, என்னோடது பாதி. ஊர் பாதி பாதியா வேணாம். நாளையிலேர்ந்து நீ உன் வழி, நான் என் வழி. ராத்திரி எட்டு மணிக்கு இதே மேசை." பயணத்திலேயே நாங்கள் செய்த உருப்படியான காரியம் அந்த ஒப்பந்தம்.

மிளகைத் தேடி

ரோமுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. கப்பல் முகப்பில் அதை உரக்கச் சொல்ல மாட்டார்கள், சுற்றுலாப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். வழிகாட்டி இல்லாமல் பஸ் மட்டும். காலையில் வாத்திகன் அருகே இறக்கிவிட்டு, மாலையில் அதே இடத்தில் ஏற்றிக்கொள்வார்கள். விலை குறைவு, கப்பல் காத்திருக்கும் என்ற உத்தரவாதமும் உண்டு. இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் சிவிட்டாவெக்கியாவிலிருந்து சில யூரோவில் உள்ளூர் ரயில். சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தால் புனித பீட்டர் தேவாலயம். ரயில் தாமதமானால் பொறுப்பு நம்முடையது, அவ்வளவுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தோழி பீட்டர் தேவாலயப் பாதுகாப்பு வரிசையில் போய் நின்றுகொண்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: மைக்கலாஞ்சலோவின் பியெத்தா. மகனின் உடலை மடியில் கிடத்தியிருக்கும் தாய். 1972-ல் ஒருவன் சுத்தியலால் அடித்துச் சேதப்படுத்திய பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். வரிசையில் நின்ற நேரம், சிலையின் முன் நின்ற நேரம் தவிர ரோமில் வேறு எதையும் அவள் பார்க்கவில்லை. குறையாகவும் நினைக்கவில்லை.

நான் மெட்ரோ பிடித்து ஃபோரத்துக்குப் போனேன். கொலோசியத்தைத் தெருவில் நின்று பார்த்ததோடு சரி. உள்ளே போக முன்பதிவு வேண்டும், நேரமும் வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதன் பக்கத்தில், மாக்சென்டியஸ் கட்டடத்தின் மூன்று பிரம்மாண்ட வளைவுகள். பெரும்பாலானோர் அதைப் படமெடுக்காமல் கடந்து போகிறார்கள். அந்த இடத்தில்தான் அதற்கு முன்பு பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்குகள் இருந்தன. அரசாங்கமே கிடங்கு கட்டிப் பாதுகாக்க வேண்டிய சரக்காக மிளகு இருந்திருக்கிறது. அது சேர நாட்டு மலையில் காய்த்து, முசிறியில் கப்பலேறிப் போனது. வாத்திகன் வரைக்கும் வந்துவிட்டு அதன் அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் திரும்பியதாக யாராவது சொன்னால் திட்டுவார்கள். திட்டட்டும். ஒரு நாளில் ரோமைப் பார்ப்பேன் என்று கிளம்பினால் பார்ப்பது பஸ் ஜன்னலைத்தான்.

இந்தப் பயணத்தில் முழு மனத்தோடு சொல்லக்கூடிய ஊர் நேப்பிள்ஸ். கப்பல் ஊருக்கு நட்டநடுவில் போய் நிற்கிறது, எதிரே வெசூவியஸ் எரிமலை. தோழி பாம்பெய்க்குக் கப்பல் சுற்றுலா வாங்கிக்கொண்டாள். சிர்கும்வெசுவியானா ரயிலில் அரை மணிக்குச் சற்று அதிகமான நேரத்தில் தனியாகவும் போகலாம். ஆனால், 2024 நவம்பரிலிருந்து பாம்பெய்க்குள் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை. டிக்கெட்டில் பெயரும் அச்சாக வேண்டும். கோடையில் வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனால் ஏமாற்றம்தான்.

நான் துறைமுகத்துக்கு எதிரே உள்ள முனிசிப்பியோ நிலையத்தில் மெட்ரோ ஏறினேன். அந்த நிலையத்துக்குத் தோண்டியபோது 2004-ல் ரோமானியர் காலக் கப்பல்கள் மூன்று கிடைத்தன. இன்று டிக்கெட் எடுக்கும் இடம் அன்று கடல். மூன்றாவது நிறுத்தம் அருங்காட்சியகம். பாம்பெயில் தோண்டி எடுத்த நல்ல பொருள்களில் பெரும்பகுதி பாம்பெயில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடியில் 'இரகசிய அறை' என்று ஒன்று. பாம்பெயின் பாலியல் ஓவியங்களையும் சிற்பங்களையும் நெடுங்காலம் பூட்டிவைத்து, 2000-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே வருகிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரையே பார்க்கிறார்கள். ஒரு கண்ணாடிப் பேழையில் கால் மீட்டர் உயரத்தில் தந்தத்தில் ஒரு பெண் நிற்கிறாள். இடுப்பில் மேகலை, கையிலும் காலிலும் வரிவரியாக வளையல்களும் காப்புகளும், கழுத்திலிருந்து இறங்கும் ஆரம், இரண்டு பக்கமும் இரண்டு சிறிய தோழிகள். ஒரு கையைத் தலைக்குப் பின்னால் மடக்கியிருக்கிறாள். 1938-ல் பாம்பெயின் ஒரு வீட்டில் கிடைத்தவள். முதலில் லட்சுமி என்று எழுதினார்கள். யட்சியாக இருக்கலாம் என்கிறார்கள் இப்போதைய ஆய்வாளர்கள் பலர். மகாராஷ்டிரத்தின் போகர்தனில் இதே சாயலில் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. அடியில் கரோஷ்டி எழுத்து ஒன்றும் இருக்கிறது. தலை மேல் ஒரு துளை. ஏதோ மேசைக்காலாகவோ கண்ணாடிக் கைப்பிடியாகவோ இருந்திருக்க வேண்டும். ஆக, அவள் தமிழச்சி அல்ல. ஆனால், கி.பி. 79-ல் எரிமலை வெடித்தபோது அந்தத் தெருவில் ஓர் இந்தியப் பெண் உருவம் வீட்டுச் சாமானாக இருந்திருக்கிறது. அவளை ஆபாசப் பொருள்களோடு வைத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆடை குறைவு என்பதைத் தவிர அவளுக்கும் அந்த அறைக்கும் ஒட்டுறவில்லை.

தமிழ்நாட்டுத் தொடர்பு வேண்டுமென்றால் அது அந்தப் பேழையில் இல்லை, அதே வளைகுடாவின் மறுகோடியில் இருக்கிறது. மிசெனும் என்ற இடத்தில் ரோமானியக் கடற்படையின் தளபதியாக இருந்தவர் மூத்த பிளினி. முசிறித் துறைமுகத்தையும், உள்நாட்டில் தொலைவாக மதுரையில் இருந்து ஆண்ட பாண்டியனையும் தன் நூலில் குறித்தவர். கறுப்பு மிளகு ராத்தல் நான்கு தினாரியஸ் என்று விலை எழுதிவைத்தவர். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று அங்கலாய்த்தவரும் அவரே. வெசூவியஸ் வெடித்தபோது மக்களை மீட்கக் கப்பல்களை எடுத்துக்கொண்டு போய், அந்தக் கரையிலேயே இறந்தார். மதுரையின் பெயரை லத்தீனில் எழுதியவரின் கடைசிப் பயணம் எங்கள் கப்பல் நின்ற தண்ணீரைக் கடந்துதான் நடந்தது. எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் இதைச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர்கள் முன்னால் நிற்பவர்களில் மதுரைக்காரர்கள் குறைவு.

அன்று எட்டு மணி மேசையில் இரண்டு நாள் பேச்சு இருந்தது. தெருவைக் கடக்கப் போட்டிருந்த மிதிகற்களைப் பற்றியும், அவற்றின் நடுவே வண்டிச் சக்கரம் அறுத்த தடத்தைப் பற்றியும், கல் மேடையில் பானைகளைப் புதைத்து வைத்திருந்த சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியும் அவள் சொன்னாள். நான் தந்தப் பெண்ணைப் பற்றியும் பிளினியைப் பற்றியும் சொன்னேன். சேர்ந்தே போயிருந்தால் இருவரும் பார்த்தது ஒரே பாம்பெயாக இருந்திருக்கும், பேசவும் ஒன்றும் இருந்திருக்காது.

வலெட்டாவில் மறுபடி சேர்ந்துகொண்டோம், ஒப்பந்தத்தை மீறி. அந்த ஊருக்கு எந்தச் சுற்றுலாவும் வாங்க வேண்டாம். கப்பல் உள்ளே நுழையும் நேரத்துக்கு எழுந்து மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். தேன் நிறச் சுண்ணாம்புக் கல் கோட்டைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும். இறங்கி நடந்தால் 58 மீட்டர் உயர மின்தூக்கி நகரத்துக்குள் ஏற்றிவிடும். பகல் பன்னிரண்டுக்குப் பீரங்கி முழங்கும். பட்டாணி வைத்த 'பஸ்தீட்ஸி' மலிவும் ருசியும்; சைவர்கள் மாவில் பன்றிக்கொழுப்பு உண்டா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். புனித ஜான் தேவாலயத்தில் கரவாஜியோ 1608-ல் தீட்டிய ஓவியம் ஒரு சுவரையே அடைத்து நிற்கிறது: ஜானின் தலையை வெட்டும் காட்சி. ரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவர் கரவாஜியோ. மால்டாவில் அடைக்கலம் பெற்று, வீரப் பட்டமும் வாங்கி, அதே ஆண்டில் சிறைப்பட்டு, தப்பி, பட்டம் பறிக்கப்பட்டவர். அவர் கையெழுத்திட்ட ஓவியம் இது ஒன்றுதான். ஜானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே பெயரை எழுதியிருக்கிறார். தோழிக்குத் தேவாலயம், எனக்குக் கதை. இருவரும் நெடுநேரம் நின்றோம்.

எங்கள் தீர்ப்பு இதுதான். ரோமுக்குக் கப்பல் பஸ். பாம்பெய்க்கு, நடையும் வெயிலும் தாங்காதவர்கள் கப்பல் சுற்றுலா. ஜெனோவா, நேப்பிள்ஸ் நகரம், வலெட்டா மூன்றுக்கும் சொந்தக் கால். உள்ளறை போதும், பானத் தொகுப்பு வேண்டாம். கூட வருபவர் கரையில் தனியாக நடக்கத் தயங்காதவராக இருக்க வேண்டும். அதை அறை பதிவு செய்யும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முகவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒவ்வொரு ஊரிலும் கப்பல் உண்மையில் நிற்கும் துறைமுகத்தின் பெயர் என்ன, எத்தனை மணிக்கு இறங்கலாம், எத்தனை மணிக்குள் ஏற வேண்டும்? மூன்றுக்கும் பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.